பக்கத்து சீட்டின் எடை

"எறங்கிராதீங்க தம்பி. அப்படியே உட்கார்ந்திருங்க."

அவன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

கார் ராம்ப்பின் மேல் நின்றது. நான்கு சக்கரங்களிலும் இரும்புப் பிடிகள் மாட்டியிருந்தன. கீழே பள்ளத்தில் திருமூர்த்தி அண்ணன் ஸ்பானரோடு நின்றார். கோவையில் காரின் உயரத்தைத் தாழ்த்தி ஓட்டும் பையன்கள் சக்கர அலைன்மென்ட் பார்க்க அவரிடம்தான் வருவார்கள்.

அவர் முறை தனி. திருகும்போது ஓட்டுகிற ஆள் சீட்டில் இருக்க வேண்டும். காலி வண்டியில் வைத்த அலைன்மென்ட் கம்ப்யூட்டரில் மட்டும்தான் சரியாக இருக்கும், ரோட்டில் இருக்காது என்பார். அதுவும் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி இறக்கிய வண்டிக்குப் பத்துக் கிலோ கூடினாலே சக்கரம் சாய்ந்துவிடும்.

டயர்களின் உள்பக்கம் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

அப்புறம் மூலையில் அடுக்கியிருந்த பத்துக் கிலோ மணல் மூட்டைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"பக்கத்து சீட்டுல யாருங்க வருவாங்க?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அந்த ஆளின் எடைக்குச் சீட்டில் மூட்டை வைப்பார்.

அவன் காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்த்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் காரை மூன்று அங்குலம் இறக்கினான். நெடுநாள் ஆசை. கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பாவும் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதுவரை அவன்தான் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தான்.

இறக்கிய காரில் அவர் ஒரே ஒரு தடவை வந்தார். உட்காரும்போது தொப்பென்று விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலில் எழுந்திருக்க முடியவில்லை. கதவைப் பிடித்தார். டேஷ்போர்டைப் பிடித்தார். மூன்று தடவை எழுந்து மூன்று தடவையும் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சீக்கிரம்ப்பா" என்றான் அவன்.

அவ்வளவுதான் சொன்னான்.

அடுத்த தடவை அவன் எழுந்து பல் துலக்குவதற்குள் அப்பா கிளம்பிப் போயிருந்தார். பஸ்ஸில் போனால் நாலு பேரோடு பேசிக்கொண்டே போகலாம் என்றார். அதற்கடுத்த தடவையும் அதையே சொன்னார்.

அவன் நம்பினான். நம்புவது சௌகரியமாக இருந்தது.

போன வாரம் திரும்பி வரும்போது பஸ் படியில் கால் மடங்கி விழுந்தார். புருவத்தில் நாலு தையல். கூட யாரும் வரவில்லையா என்று நர்ஸ் கேட்டதற்கு, பையனுக்கு வேலை என்று சொன்னாராம். நர்ஸே அவனிடம் சொன்னாள். வேலைதான். அந்த மத்தியானம் அவன் இந்தக் காருக்கு அலாய் வீல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனிமேல் ஆட்டோவில்தான் போக வேண்டும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னான். அவரும் தலையாட்டினார். ஏதோ பெரிய பொறுப்பை முடித்துவிட்டவன் போல இன்று காலை வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டான்.

இன்று சனிக்கிழமை. டயாலிசிஸ் நாள்.

"ஏனுங்க தம்பி, யாருமில்லைன்னு வெச்சுக்கட்டுங்களா?"

"இல்லைங்ண்ணா. அப்பா."

"எத்தனை கிலோ இருப்பாருங்க?"

தெரியவில்லை. காரின் எடை தெரியும். அலாய் வீல் ஒன்றின் எடை கிராம் சுத்தமாகத் தெரியும். பெற்ற அப்பாவின் எடை தெரியவில்லை.

அப்பாவுக்கு ஃபோன் போட்டான்.

"உங்க எடை எவ்வளவுங்ப்பா?"

"போறப்பவா, வர்றப்பவா?"

முதலில் அவனுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. உடம்பில் தேங்கிய நீரை மெஷின் எடுத்துவிடும். அதனால் உள்ளே போகும்போது ஒரு தடவையும் வெளியே வரும்போது ஒரு தடவையும் எடை பார்ப்பார்கள். எடை மெஷின் மேல் அப்பா ஏறி நிற்கும்போது அவன் பக்கத்தில் இருந்து மூன்று மாதம் ஆகிறது.

"போறப்ப அறுபத்திநாலு கண்ணு. வர்றப்ப மூணு கிலோ கொறஞ்சிரும். எதுக்குக் கேக்கறே?"

அவன் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் விசில் சத்தம். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குகிறவர்களெல்லாம் முன்னால் வரச் சொல்லி கண்டக்டர் கத்தினார்.

ஆட்டோ இல்லை. பஸ்.

"இரு கண்ணு, எறங்கிக்கறேன்."

அப்பா ஃபோனைச் சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும். துணி உரசியது. மூச்சு இரைத்தது. யாரோ ஒரு பெண், "என்ற கையப் புடிச்சுக்குங்கய்யா, மெதுவா, மெதுவா" என்றாள்.

அவன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். முகம் பார்க்காத அந்தப் பெண்ணைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தை விட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

மறுபடியும் விசில். பஸ் கிளம்பிப் போகும் இரைச்சல்.

"ம், எறங்கிட்டேன். சொல்லு."

"ஒண்ணுமில்லைங்ப்பா. நீங்க உள்ளே போங்க."

திருமூர்த்தி அண்ணன் பள்ளத்தில் இருந்து மேலே ஏறி வந்திருந்தார். தோளில் ஒரு மூட்டை. அறுபத்திநாலு கிலோ என்று அவரிடம் சொன்னான்.

"ஆறு மூட்டை வெச்சரட்டுங்களா?"

"வெக்கலாங்ண்ணா. அதுக்கு முன்னாடி வண்டிய மேல ஏத்துங்க. முன்னாடி இருந்த ஒசரத்துக்கே."

அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏத்துனா இதுவரைக்கும் வெச்ச அலைன்மென்ட்டெல்லாம் போயிருமுங்க தம்பி. மறுக்கா மொதல்ல இருந்து பார்க்கோணும். நாலு மணி நேரம் ஆயிரும்."

"ஆகட்டுங்ண்ணா" என்றான் அவன். "அப்பா வெளிய வர நாலு மணி நேரம் ஆகும்."