துண்டு போட்ட நாற்காலி

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாச் சொல்ற கதை இல்லை இது.

மேனேஜர் அய்யா அறையைப் புதுசாக்கினார்கள். தரைக்குக் கம்பளம், நடுவில் சக்கரம் வைத்த தோல் நாற்காலி. பழைய பிரம்பு நாற்காலி மூலைக்குப் போனது. அதன் முதுகில் அய்யாவின் வெள்ளைத் துண்டு இன்னும் கிடந்தது. அந்தத் துண்டு கிடக்கிற நாற்காலியை வேறு யாரும் தொடமாட்டார்கள்.

வாசலில் அலங்காரக்காரர் ஆட்களிடம் சொன்னது பிரம்புக்குக் கேட்டது: "அய்யா நாற்காலியை விட்டுட்டு, இன்னொண்ணைக் காயலான் கடைக்கு ஏத்துங்க."

"என்ன பெருசு, கிளம்பியாச்சா?" என்றது தோல் நாற்காலி.

"ஆமா தம்பி. இந்தத் துண்டை உனக்குப் போட்டுவிடணும். உன் மினுக்குதான் மறைஞ்சுபோகும், பாவம்."

"ஐயே, அழுக்குத் துண்டு! நீயே வச்சுக்க."

"சரி தம்பி, நீ சொன்னாச் சரி."

ஆட்கள் வந்தார்கள். புதுசா பழசா என்று பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தார்கள். "ஏய், அது அய்யா நாற்காலி, கை வைக்காதே" என்றான் ஒருவன். தோல் நாற்காலி கத்தக் கத்த உருட்டிப்போனார்கள். சக்கரத்துக்கு எண்ணெய் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பிரம்பு நாற்காலி அண்ணாந்து மின்விசிறியிடம் சொன்னது: "கொஞ்சம் மெதுவாச் சுத்து தாயி, துண்டு பறந்துடப் போவுது."