பதினொன்றாம் குற்றம்

பதினேழு.

அவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். பதினேழேதான்.

அன்விதாவுக்கு வயது ஐந்து.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு பாலர் பள்ளி. கோட் மாட்டும் அறையில், சேறு காய்ந்த குட்டி பூட்ஸுகளுக்கு நடுவே குந்தியபடி அவள் அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். அன்விதாவின் அப்பா தமிழில் எழுதித் தந்தது. மகளின் பதினேழு குற்றங்கள், வரிசை எண் போட்டு, ஓரத்தில் கோடு கிழித்து. ஜெர்மனில் மாற்றவேண்டியது இங்கே வேலை பார்க்கும் இவள் பொறுப்பு.

இன்று டிசம்பர் ஆறு. இன்னும் அரைமணியில் நிக்கோலஸ் வந்துவிடுவார். பஞ்சுத் தாடி, சிவப்பு அங்கி, கையில் தங்கநிற அட்டை போட்ட பெரிய புத்தகம். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வருடம் முழுக்கச் செய்த நல்லது கெட்டதைப் படிப்பார். பிறகு சாக்லேட்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளைகள் நம்புகின்றன. புத்தகத்துக்குள் பெற்றோர் எழுதித் தந்த சீட்டு இருப்பது அவற்றுக்குத் தெரியாது.

இரண்டு வரி போதும், முதல் வரி பாராட்டாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

மற்றவர்கள் அப்படித்தான் தந்திருந்தார்கள். யோனாஸ் நன்றாக சைக்கிள் ஓட்டுகிறான். தங்கையைக் கடிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம்.

முடிந்தது.

நம் ஆட்களுக்கு இரண்டு வரி எந்த மூலைக்கு?

1. பால் குடிக்க நாற்பது நிமிடம்.

4. சுலோகம் பாதியில் மறக்கிறாள்.

9. எதற்கெடுத்தாலும் ஏன் என்கிறாள்.

பாராட்டு என்று ஒரு வார்த்தை கிடையாது.

நேற்று தாளைக் கொண்டுவந்தபோது தகப்பன் கேட்டான். "பிரம்போட ஒருத்தர் கூட வருவாராமே. யூடியூப்ல பாத்தோம். இங்க வரமாட்டாரா?"

"நிறுத்திட்டாங்க சார். பிள்ளைங்க பயப்படுதுங்க."

"பயப்படத்தானேங்க கூப்பிடறது!"

சிரிப்பு வேறு.

முதல் நாள் இவளிடம் ஊர் கேட்டவனும் இதே ஆள்தான். விழுப்புரம் என்றாள். விழுப்புரத்துல எங்க? ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஊர்ல எந்தப் பக்கம்? அதையும் சொன்னாள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மேல்படிப்புக்கு இத்தனை தூரம் வந்து, பகுதிநேரமாக இங்கே பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிறாள். அந்தக் கேள்வி அவளுக்கு முன்னாலேயே விமானம் ஏறி வந்து உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து அவன் அவள் கையிலிருந்து எதையும் வாங்கியதில்லை. குழந்தையின் பையைக்கூட.

"அங்க வச்சிடுங்க."

நேற்றும் தாளை மேசையில்தான் வைத்தான்.

அதில் ஒரு வரிக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு.

11. கண்டவர்கள் டப்பாவில் கைவிட்டுத் தின்கிறாள். அழுத்திப் படிக்கவும்.

கண்டவர்கள்.

பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு. வீட்டிலிருந்து வரும் டப்பா ஒன்றே ஒன்று. இவளுடையது.

போன வாரம் புளிச்சோறும் வறுத்த நெத்திலியும். அன்விதா பக்கத்தில் வந்து நின்று ஒன்றை எடுத்தாள். பிஸ்கட் மாதிரி கடித்தாள். கண்ணை உருட்டினாள். இன்னொன்றை எடுத்தாள்.

வீட்டில் போய் ஆசையாகச் சொல்லியிருக்கும். பாவம்.

கதவு திறந்தது. அன்விதா. ரெட்டைச் சடை, புது கவுன், வெளிறிய முகம்.

"அக்கா, பதினொண்ணு படிப்பாரா?"

நம்பர் முதற்கொண்டு மனப்பாடம் பண்ண வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"எல்லார் முன்னாடியுமா அக்கா?"

கவுனைக் கசக்கிப் பிடித்திருந்த கையை விடவில்லை.

அவள் பேனாவைத் திறந்தாள். ஒரு சீட்டில் ஜெர்மனில் எழுதினாள். சின்னச் சீட்டுதான், இடம் மிச்சமிருந்தது. அடியில் இரண்டு கோடு போட்டாள்.

பதினேழையும் நாலாக மடித்து ஜீன்ஸ் பாக்கெட்டில் சொருகிக்கொண்டாள்.

கூடத்தில் சுவரோரமாகப் பெற்றோர். தகப்பன் எல்லோருக்கும் முன்னால், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

நிக்கோலஸ் கண்ணாடியைச் சரிசெய்தார். வேடத்துக்குள் இருப்பவர் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். கடைசி நிறுத்தம்வரை கேட்கும் குரல்.

"அன்விதா!"

குழந்தை போய் நின்றது. தலை நிமிரவில்லை.

"அன்விதா யார் தட்டிலிருந்தும் அன்போடு எடுத்துச் சாப்பிடுகிறாள். இந்தப் பள்ளியிலேயே பெரிய மனசு அவளுக்குத்தான்."

அழுத்தித்தான் படித்தார்.

கூடம் கைதட்டியது.

தகப்பனின் ஜெர்மன் ரொட்டிக் கடையோடு சரி. அவள் பக்கம் சாய்ந்தான்.

"பதினொண்ணு வந்துச்சா?"

"அது மட்டும்தான் சார் வந்துச்சு."

"ஏன் கை தட்றாங்க?"

"இங்க அப்படித்தான் சார்."

தலையாட்டினான். போனைப் பிடிக்காத கையால் தொடையில் தட்டினான்.

அன்விதாவுக்கு ஜெர்மன் தெரியும். நிமிர்ந்துவிட்டாள். காது வரை சிரிப்பு. கையில் சாக்லேட்டில் செய்த நிக்கோலஸ் பொம்மை, ஒரு ஜாண் உயரம். ஜிகினாத் தாளைப் பரபரவென்று உரித்துக்கொண்டே நேராக இவளிடம் ஓடிவந்தாள்.

"ஆ காட்டுங்க அக்கா."

அவள் குனிந்து தலைப்பக்கம் ஒரு கடி கடித்தாள். தாராளமாக. பல் பதிந்தது.

குழந்தை திரும்பினாள். ஒரே எட்டுதான்.

"அப்பா, ஆ."

கடித்த பக்கம் அவனைப் பார்த்திருந்தது.

கைதட்டல் நிற்கவில்லை. கூடமே எட்டிப் பார்த்தது. தாடிக்காரர் புத்தகத்தை மூடிவிட்டு, பார்க்க வசதியாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். யாரோ ஒரு தாய், எவ்வளவு அழகு, என்றாள்.

போனில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா, ஆ காட்டு."

அவள் அவசரப்படாமல் மென்றாள்.