ஏற்கெனவே வந்த புகார்

'வேலை தெரியாத கழுதைகளா' என்று புகார்ப் பக்கத்தில் தட்டினான். அழித்துவிட்டு, 'வணக்கம்' என்று ஆரம்பித்தான். கோபத்திலும் கொஞ்சம் விவரம் வேண்டும்.

காலையில் தங்கை விழிப்பதற்குள், ஆசையாகத்தான், அவள் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றி வைத்தான். அதிலிருந்து கேமரா செத்துக் கிடக்கிறது.

சாதாரணக் கேமரா இல்லை. அவள் கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதும். எழுதியதைக் கம்ப்யூட்டர் வாசிக்கும். கை கால் அசையாத, நாக்கும் புரளாத அவளுக்கு அதுதான் வாய்.

வாயைப் பிடுங்கிவிட்டு, 'உங்கள் கணினி இப்போது புத்தம் புதியது' என்று வாழ்த்து வேறு.

வெளியூர் ஆஸ்பத்திரியில் அவள் மகளுக்கு இன்று பிரசவ ஆபரேஷன். உள்ளே போகும்முன் அம்மா ஒரு வார்த்தை பேசியே ஆக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். எந்த நிமிடமும் ஃபோன் வரலாம்.

அவன் ஏசி மெக்கானிக். கழற்றி மாட்டினால் சரியாகாத மெஷினை அவன் பார்த்ததில்லை. கேமராவையும் கழற்றிக் கழற்றி மாட்டினான். அது குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

பின்னால் சக்கர நாற்காலியில் அவள். கண்ணாலேயே எரித்துவிடுவாள் போலிருந்தது. இருக்காதா பின்னே?

“கவலப்படாத வாலு. இவனுங்கள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன் பாரு.”

அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். சபாஷ் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

லினக்ஸ்காரர்களுக்கு எழுதினான்: 'ஓடிக்கொண்டிருந்ததை உடைப்பதற்குப் பெயர் முன்னேற்றமா? கை வைக்கும்முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? உங்களுக்கெல்லாம் அக்கா தங்கை இல்லையா?'

அனுப்பு என்பதை அழுத்தினான். போகவில்லை. இதே பிரச்சினையை ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருக்கிறார், பாருங்கள் என்றது.

ஆக, தெரிந்தே செய்திருக்கிறார்கள், படுபாவிகள்! பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தான்.

போன மாதத்துப் புகார். 'புதிய பதிப்பில் இந்தக் கேமராவை இயக்கும் டிரைவர் நிரலை எடுத்துவிட்டதாகப் படித்தேன். தயவுசெய்து திரும்பச் சேருங்கள்.'

கீழே பதில்: 'பழைய பதிப்பில் நன்றாகத்தானே ஓடுகிறது? அதிலேயே இருங்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. புகார் மூடப்படுகிறது.'

அதற்கும் கீழே, புகார் சொன்னவர் மறுபடி எழுதியிருந்தார்.

'நான் இருப்பேன். ஆனால் வீட்டில் அண்ணன் இருக்கிறான். அப்டேட் என்று கண்ணில் பட்டால் அவன் கை சும்மா இருக்காது. தொடாதே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், சிரிக்கிறான். நான் தூங்கும்போது ஒருநாள் அழுத்திவிடுவான். நல்லவன்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது.'

பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வாலு என்றிருந்தது.

முதுகுக்குப் பின்னால் அந்தக் கண்கள் இருந்தன. அவனால் திரும்ப முடியவில்லை.

ஃபோன் அடித்தது. எடுத்தான்.

“மாமா, உள்ள கூப்பிடுறாங்க. அம்மாவப் பேசச் சொல்லுங்க, சீக்கிரம்.”