சொல்லாத கலியாணம்

முதலில் பிழை விட்டது கனகசபாபதிதான். அதில் கந்தவனத்துக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

ஒரே வள்ளத்தில் கடற்றொழிலுக்குப் போன கூட்டாளி. தன் மகளின் கலியாணத்துக்கு வீட்டுக்குள் வந்து சொல்லவில்லை. கார்ட்டைக் கேற்றில் செருகிவிட்டுப் போய்விட்டான். கேட்டதற்கு, "வீட்டிலை ஆளில்லை" என்றானாம். ஆளில்லாவிட்டால் இன்னொருக்கால் வந்து சொல்லுகிறதுதானே முறை?

கந்தவனம் கலியாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு கதைபேச்சும் நின்றது.

பிறகு அந்த மகள் நிவேதனா வல்வெட்டித்துறைச் சந்தியில் ஒரு சின்னக் கடை திறந்தாள். கையால் செய்த மாலை, தோடு, பரிசுச் சாமான், தூரிகையால் கீறின படங்கள். திறந்த அன்றே கந்தவனம் வீட்டில் சட்டம் போட்டார்.

"இந்த வீட்டுக் கால் ஒண்டும் அந்தக் கடைப்படி மிதிக்கக் கூடாது!"

"ஓம்" என்றாள் மனைவி நாகேஸ்வரி.

இன்றைக்குத் தலையில் துவாயைப் போட்டு, முகத்தைப் பாதி மூடிக்கொண்டு அதே படியில் ஏறியது கந்தவனத்தின் கால்.

என்ன செய்வது? நாளைக்கு நாகேஸ்வரிக்கு அறுபது வயது. "அப்பா, அம்மாவுக்கு ஒண்டாவது உங்கடை கையாலை வாங்கிக் குடுத்திருக்கிறியளே?" என்று நோர்வேயில் இருக்கிற மகள் போனில் கேட்டது, மீன்முள் மாதிரித் தொண்டையில் நிற்கிறது. பருத்தித்துறை முழுக்கத் தேடியாயிற்று. எல்லாம் பிளாஸ்ரிக்.

நிவேதனா அவரைக் கண்டதும் திகைத்துப் போனாள்.

"வாங்கோ மாமா!"

"மாமாவும் கோமாவும்! சாமான் வாங்க வந்தனான், சொந்தம் கொண்டாட வரேல்லை."

கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு மாலை. கடற்கரையில் பொறுக்குகிற வெள்ளைச் சோகியும் நீல மணியும் மாறி மாறிக் கோத்தது. பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

"அதை எடு."

நிவேதனாவின் முகம் மாறியது.

"அது வேண்டாம் மாமா. இஞ்சை, இந்தப் பனையோலைப் பெட்டியைப் பாருங்கோ. நல்ல வடிவு."

"மனிசியின்ரை கழுத்திலை பெட்டியைக் கட்டித் தொங்க விடுறதே? மாலையை எடு!"

"அது... ஒராள் சொல்லி வைச்சிருக்கினம் மாமா."

அந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருந்து லீவுக்கு வந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். அதே மாலையைக் காட்டி, "இதைத் தாறியளே?" என்று கேட்டாள்.

நிவேதனா உடனே எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கந்தவனத்துக்கு இரத்தம் தலைக்கு ஏறியது.

"ஓகோ! கனடாக்காரிக்கு எண்டால் அலுமாரி திறக்கும். கந்தவனத்துக்குத் திறக்காது. கொப்பன் என்னைக் கேற்றோடை நிப்பாட்டினான், நீ அலுமாரியோடை நிப்பாட்டுறாய்! விதை ஒண்டுதானே!"

"கத்தாதேங்கோ மாமா. சனம் பார்க்குது."

"பார்க்கட்டும்!"

"பார்த்தால், நீங்கள் இஞ்சை வந்தது மாமிக்குத் தெரிஞ்சுபோம்."

கந்தவனம் கப்பென்று வாயை மூடினார்.

நிவேதனா குரலைத் தாழ்த்தினாள். "செய்த ஆளுக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியளோ எண்டுதான் மாமா நான் தரேல்லை."

"ஆர் செய்த ஆள்?"

"நாகேஸ்வரி மாமிதான். இஞ்சை இருக்கிற சோகி மாலை முழுக்க அவ கோத்தது. உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டைப் போனிலை சத்தியம் வாங்கினவ."

"அப்ப அவள் என்ரை சொல்லை மீறி இஞ்சை வந்துபோறாள்!"

"ஐயோ, இல்லை மாமா. மாமி ஒருநாளும் இந்தப் படி மிதிக்கேல்லை. உங்கடை வீட்டிலை இருந்து இதிலை ஏறின முதல் கால் உங்கடைதான்."

கந்தவனம் தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அப்பாதான் மணியும் நூலும் கொண்டுபோய்க் குடுத்து, கோத்ததை வாங்கிக்கொண்டு வாறவர். வெள்ளிக்கிழமையிலை, நீங்கள் கோயிலுக்குப் போற நேரம்."

"என்ரை வீட்டுக்குள்ளையோ?"

"ஓம். மாமி தேத்தண்ணி குடுக்கிறவ. அப்பா நிண்டபடிதான் குடிப்பார். உங்கடை வாயாலை இருக்கச் சொல்லாமல் அந்த வீட்டுக் கதிரையிலை இருக்க மாட்டாராம்."

கந்தவனம் துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு அலுமாரிக்குள் கிடந்த ஒரு சோடித் தோட்டைக் காட்டினார்.

"இது ஆர் செய்தது?"

"அது நான் செய்தது மாமா."

"அப்ப கட்டித் தா. வடிவாய்க் கட்டு, பிறந்தநாளுக்கு."

காசைக் கொடுத்து, பொதியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கொப்பரிட்டைச் சொல்லு. வாற வெள்ளி நான் கோயிலுக்குப் போகேல்லை. வீட்டிலைதான் நிப்பன்."

நிவேதனாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. "மன்னிச்சிட்டியளே மாமா?"

"ஆர் சொன்னது? அவன் வரட்டும். கதிரையிலை இருக்கட்டும். இருந்து, முறையாய் உன்ரை கலியாணத்துக்குச் சொல்லட்டும்!"

"மாமா! கலியாணம் முடிஞ்சு ஆறு வருசம். என்ரை பிள்ளை நேசறிப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது!"

"அதுக்கு நான் என்ன செய்ய?" கந்தவனம் துவாயை உதறித் தோளில் போட்டார். முகத்தை மூடாமலே படியிறங்கினார். "எனக்கு இன்னும் சொல்லேல்லை!"