மூன்றாவது கிரைண்டர்

காலை ஐந்தே கால். மூன்று வாரத்தில் மூன்றாவது காபி கிரைண்டரின் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டான் ஸ்டீவன்.

"இதுவும் சரியில்ல. வாசனயே வரல."

ஹெலன் பல்லைக் கடித்தாள். பால் பொங்கி அடங்கி, மறுபடி பொங்கியது.

"எனக்கு வருதே. வாசல் வரைக்கும் வருது."

"உனக்கு இன்னாடி தெரியும் காபிய பத்தி?"

முதல் கிரைண்டர் ஒற்றை பிளேடு. தொடர்ந்து ஓட்டினால் சூடாகி வாசனை போய்விடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்தான். அதனால் பத்து எண்ணும்வரை அமுக்கி, நிறுத்தி, குலுக்கி, மறுபடி அமுக்கினாள் ஹெலன். வாசனை இல்லை என்றான். இரண்டாவதில் பாதி திப்பி, பாதி மாவு. மூன்றாவதில் பிளேடே கிடையாது; பல் வைத்த இரண்டு சக்கரம் கொட்டையைக் கடித்துத் துப்பியது. சத்தம்தான் அதிகம். விலை கூடுதல்தான், ஆனால் தூள் ரவை மாதிரி சீராக விழுந்தது.

"இதுல மசாலா கிசாலா அரைச்சே, தொலைஞ்சே. வாசன ஒட்டிக்கும்."

"இல்லாத வாசனைல எது ஒட்டப்போவுது?"

இரண்டாவதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதே கடைக்கார ஷாஹுல் பாய் சொல்லிவிட்டார். "தம்பி, அரைக்கிறதுதான் மெஷினு வேல. மோந்து பாக்குறது உன் மூக்கு வேல."

மூக்கு என்றதும் ஸ்டீவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டு வந்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் வேலை. இரவெல்லாம் பூட்டிக் கிடக்கும் பீப்பாய் ஷெட்டைக் காலையில் திறந்ததும் முதலில் ஸ்டீவன் நுழைவான். நின்று மோந்து பார்ப்பான். "வாங்கடா" என்பான். அதன் பிறகுதான் மற்ற பதினோரு பேரும் கால் வைப்பார்கள்.

"விஷ வாயு கசிஞ்சா கத்துற கேஸ் மீட்டர் ஒண்ணு ஆபீஸ்ல பெட்டிக்குள்ள தூங்குது. எங்க ஷிப்டுக்கு என் மூக்குதான் மீட்டரு" என்று சர்ச்சுக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெருமைதான் இப்போது காபி வரை வந்து நிற்கிறது என்று ஹெலன் நினைத்தாள்.

போதாததற்கு, அதே ஷிப்டில் வேலை பார்க்கும் அப்பாவு பற்றிய புராணம் வேறு.

"என் எடத்த புடிக்கப் பாக்குறான்டி அவன். கையில ஒரு துண்ட சுத்திக்கினு தினம் என் முதுகுக்குப் பின்னாலயே வந்து நிக்கிறான்."

"நின்னா நிக்கட்டும்."

"நேத்து கதவாண்ட கால் வழுக்கிட்டுச்சுன்னு குறுக்க குந்திகினான். எவனையும் உள்ள உடல. வேர்க்குதாம், ஷெட்டு ஃபேன போட சொல்லி ஒரே அழும்பு. பிப்ரவரி மாசத்துல வேர்க்குதாம்! அர மணி நேரம் வேல போச்சு."

"சோம்பேறி" என்றாள் ஹெலனும். காலையில் அவளுக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் ஞாயிறு. கறிக்குத் தனியாவைக் கருக வறுத்து வைத்தாள். மிக்ஸி ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. சர்ச்சுக்கு நேரமாகிறது. ஸ்டீவன் குளித்துக்கொண்டிருந்தான். காபி கிரைண்டரில் தட்டி அரைத்துவிட்டாள். வீடு முழுக்கத் தனியா மணம்.

தூளைக் கிண்ணத்துக்கு மாற்றுவதற்குள் அவன் ஈரத் தலையோடு வந்துவிட்டான். திட்டு விழும் என்று ஒதுங்கினாள். மூடியைத் திறந்தான். மூக்கை உள்ளே விட்டான். கண்ணை மூடினான்.

"பரவால்லடி. இன்னிக்கு காபி வாசன லேசா வருது."

ஹெலனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாங்க, அது தனியா!"

அவன் சிரிக்கவில்லை. மறுபடி மோந்து பார்த்தான். அப்புறம் மூடியைப் போட்டு, திருகினான். அது சரியாக உட்காரவில்லை. கழற்றித் திரும்பத் திருகினான்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தினி நாளா?"

"கிறிஸ்துமஸ் ஜுரத்துலேர்ந்து. வந்துடும்னுதான் தினம் காபி தூள மோந்து பாக்குறேன்."

"ரெண்டு மாசம்! தினம் காலைல உள்ள போயி 'வாங்கடா'ன்னு சொல்றியே?"

"ஒண்ணும் ஆவல இல்ல?"

"அது உன் மூக்கால இல்ல. சாமி புண்ணியம். பதினோரு ஊட்டுக்கு யாரு பதில் சொல்றது? நாளைக்குக் கதவு தொறக்குறதுக்கு முன்னால சொல்லிடணும்."

"சொன்னா, அந்த அப்பாவு என் எடத்துல நின்னுகினு பல்ல இளிப்பான்டி."

"இளிக்கட்டும். நீ சொல்லலன்னா நானே வந்து கம்பெனி கேட்டாண்ட நின்னு கத்துவேன்."

சர்ச்சில் அவன் பாட்டுப் பாடவில்லை. மத்தியானம் கறிக்குழம்பைத் தொடவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தான். சாயங்காலம் இரண்டு முறை பைக்கைத் துடைத்தான்.

பிப்ரவரி 24, 2025, திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு, ஷெட் கதவு திறக்கும் முன்பு, தனக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று ஸ்டீவன் பதினோரு பேரிடமும் சொன்னான். யாரும் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்ணா. பொங்கலுக்கு மறுநாள் கெட்டுப்போன சாம்பார ரசிச்சுத் துன்னியே, அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு அப்பாவு கைத்துண்டைப் பிரித்தான். அதற்குள், சத்தத்தை நிறுத்தி வைத்த அந்த ஆபீஸ் கேஸ் மீட்டர் இருந்தது. ஐந்து வாரத்தில் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது ஒரே ஒரு நாள். அப்பாவுக்குக் கால் வழுக்கிய வெள்ளிக்கிழமை.