பவர் பத்தல

சிற்றம்பலம் இணையத்தில் பேப்பர் படிக்கும்போது அணையாத கம்ப்யூட்டர், மருமகள் மதிவதனி கட்டட வரைபடம் போட உட்கார்ந்தால் மட்டும் பட்டென்று அணைந்துவிடும். அவள் வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று தீர்மானித்தவர், நியாயம் கேட்க அவள் அப்பாவையே வரச்சொல்லியிருந்தார்.

மெக்கானிக் ஜெபராஜ், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு, தான் கொண்டுவந்ததை மாட்டினான்.

“நீங்க போட்டதுலயே பெரிய கட்டடப் படத்த ஓட்டுங்கக்கா.”

அவள் ஓட்டினாள். சிற்றம்பலம் அவளுடைய விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரை மணி நேரமாகியும் அணையவில்லை.

“பழசுல பவர் பத்தல ஐயா. பேப்பர் படிக்கத் தாங்கும், வேலை செஞ்சா படுத்துரும்.”

“எங்க வீட்டுலயா பவர் பத்தல?”

“வீட்டுல இல்லீங்க, பெட்டியில.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. சிற்றம்பலம் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, பழசையே மாட்டு. சம்பந்தி போனதும் மாத்திக்கலாம்.”

ஜெபராஜ் திருப்புளியோடு மதிவதனியைப் பார்த்தான். அவள் எழுந்து, நாற்காலியை மாமனார் பக்கம் திருப்பினாள்.

“மாட்டுங்க தம்பி. எங்கப்பா முன்னாடி இந்தப் படத்த மாமாவே ஓட்டட்டும்.”