கை நனைக்காத சம்பந்தி

“சம்பளம் மாசா மாசம் கையில வந்துருமா?”

சங்கரபாண்டி இதைக் கேட்டது மூன்றாவது தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தரகர் பலவேசத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இடத்தில் குணத்தைக் கேட்கலாம், குலதெய்வத்தைக் கேட்கலாம். வந்ததிலிருந்து சம்பளத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினால் யார்தான் என்ன செய்வார்கள்?

மாப்பிள்ளை தில்லைநாயகம் குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஜில்லா போர்டு ஸ்கூல் வாத்தியார். சம்பளம் பதினெட்டு ரூபாய். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுக்கிற மனுஷனுக்கு, வீட்டில் கழித்தல் மட்டும்தான்.

பாவூர்சத்திரத்தில் பேச்சை ஆரம்பித்தபோது தரகர் ‘போர்டு உத்தியோகம்’ என்றுதான் சொல்லியிருந்தார். வாத்தியார் என்பதை, வில்வண்டி தென்காசியைத் தாண்டிச் சாரல் முகத்தில் அடித்தபிறகு, அந்தக் குளிர்ச்சியோடு குளிர்ச்சியாகச் சொல்லிவைத்தார். சங்கரபாண்டி வத்தல் மண்டி வைத்து நாலு காசு சேர்த்தவர். ‘உம்’ என்றதோடு சரி.

மாப்பிள்ளை எதையும் மறைக்கவில்லை. போன மாதச் சம்பளமே இன்னும் வரவில்லை என்றார்.

“எப்ப வரும்?”

“ஒரு வாரத்துல போட்டுருவோம்னு சொல்லுதாவ.”

“சொல்லுதாவளா, போடுவாவளா?”

தரகர் குறுக்கே விழுந்தார். சம்பளம் கிடக்கட்டும், வாத்தியாருக்கு ஊரில் இருக்கிற மதிப்பு தாசில்தாருக்குக்கூடக் கிடையாது என்று அளந்தார்.

“மதிப்பை உலையில போட முடியுமாவே?” என்றார் சங்கரபாண்டி.

தரகர் அதற்கப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா பார்வதியம்மாள் சமையலுக்கு எழுந்து போனாள். உள்ளே அரிசிப்பானையில் அளக்கிற நாழி உரசும் சத்தம் கேட்டது. சங்கரபாண்டி ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். வீட்டில் எத்தனை பேர்? அம்மாவும் மகனும், படிக்கிற இரண்டு தங்கைகளும். நிலம்? கிடையாது. அப்போது இந்தச் சம்பளம்தானா? ஆமாம், இந்தச் சம்பளம்தான்.

இலை போட்டார்கள்.

சம்பந்தம் பேசப்போன வீட்டில் பிடித்திருந்தால் கை நனைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் கல்யாணம் நிச்சயமான மாதிரி. பிடிக்கவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சங்கடமே இல்லை. வயிற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

தில்லைநாயகத்துக்கு இதற்குமுன் இரண்டு இடம் வந்தது. சம்பளத்தைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் வயிறு சரியில்லாமல் போயிற்று. அதனால், பார்வதியம்மாள் சோற்றுச் சட்டியோடு வந்தபோது அவள் கண் இலையில் இல்லை, சங்கரபாண்டியின் முகத்தில் இருந்தது.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வயிறு மந்தமா இருக்கு ஆச்சி. இன்னொரு நாளைக்குப் பாப்போம்.”

சோற்றில் விட்ட அகப்பை அப்படியே நின்றது. பாவம், அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாப்பிள்ளை வாசல்வரை வந்து, மரியாதையாகக் கும்பிட்டு அனுப்பினார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரைகூடத் தரகரால் பொறுக்க முடியவில்லை.

“பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா அப்புறமா ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? சோறு போட வந்த பொம்பளைய இப்படி நிக்கவச்சிட்டு வந்துட்டியளே. நாலு காசு சேந்துட்டா மனுசனுக்கு வாத்தியாரு எளக்காரமாத்தான் போயிருவாரு.”

“இஷ்டமில்லன்னு நான் எப்பச் சொன்னேன்வே?”

சங்கரபாண்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“அரிசி அளக்கும்போது நாழி பானை அடியில உரசுச்சே, உம்ம காதுல விழலியா? எனக்கு விழுந்துச்சு. எங்க அய்யாவும் வாத்தியாருதான்வே. வீட்டுக்கு விருந்தாளி வந்தா, அன்னைக்கு ராத்திரி பிள்ளையளுக்கு வடிதண்ணிதான்.”

இத்தனை வருஷம் பழகியும் இந்த மண்டிக்காரர் யார் வீட்டுப் பிள்ளை என்று பலவேசம் கேட்டதே இல்லை.

“கேட்டதுக்கெல்லாம் ஒளிக்காமப் பதில் சொன்னாரு பாரும், அது போதும் எனக்கு. நீரு எறங்கி ஓடும். சோறு ஆறுததுக்குள்ள போயி, எம்மவ உலகம்மைய அந்த வீட்டுக்குத்தான் குடுக்குதேன்னு சொல்லும். அந்தத் தங்கச்சிப் பிள்ளைய ரெண்டையும் அந்த எலையிலயே உக்கார வையும்.”

தரகர் சாரலில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அப்ப நீங்க அண்ணாச்சி?”

“அதுக்குத்தான திருப்பித் திருப்பிக் கேட்டேன், சம்பளம் எப்பப் போடுவாவன்னு? போட்ட மறுநாளு வந்து நல்லா கை நனைக்குதேன்.”